சந்தனப் பொட்டு வைத்த பிளாப்பிகள்

வன்னியம்பட்டிச் சங்கையா என்று கேட்டால் ராஜபாளையத்தில் யாருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் சங்கையா என்று கேட்டால் தென்காசி ரோட்டில் சோடாக் கடை வைத்திருப்பவர்கூட எழுந்து வந்து வழி காட்டுவார். எண்பதுகளின் கடைசி அது. கம்ப்யூட்டர் என்பது கண்ணாடி அறைக்குள் ஏசி ஓட, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் எட்டிப் பார்க்கிற சாமானாக இருந்தது. அதற்கு முன்னால் உட்கார்ந்து வேலை வாங்கத் தெரிந்த உள்ளூர்க்காரன் சங்கையா. அந்தப் பட்டப் பெயரில் அவனுக்குக் கொஞ்சம் மிதப்பு இருந்ததைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அதைவிடப் பெரிய பெயர் ஒன்றும் அவனுக்கு இருந்தது. மதுரை ராஜரத்தினம் சார் தன் வாயால் அவனுக்குக் கொடுத்த பெயர். அதைக் காப்பாற்றத் தெரியாமல் அவன் பட்ட பாடுதான் இது.

சங்கையா கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு ஒரு பேண்டேஜ் துணி யூனிட்டில் கூலிக் கணக்கு எழுதப் போனவன். நெய்கிறவர்களுக்கு மீட்டருக்கு இவ்வளவு, சலவைக்காரர்களுக்குக் கட்டுக்கு இவ்வளவு, வெட்டிச் சுருட்டுகிற பெண்களுக்கு டஜனுக்கு இவ்வளவு என்று ஆளாளுக்கு ஒரு கணக்கு. சனிக்கிழமை சாயங்காலம் கூலி போட்டாக வேண்டும். கணக்கோ முடிந்தபாடில்லை. பெண்கள் வாசலில் நின்று, "என்ன கணக்கப்பிள்ள, எங்க கூலிய இன்னும் தறியில மாட்டலையா?" என்று கேலி பேசுவார்கள். அந்தக் கேலி பொறுக்காமல்தான் அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் மதுரைக்கு ரயிலேறிப் போய்க் கம்ப்யூட்டர் படித்தான். முதலாளி ஒரு மெஷின் வாங்கிப் போட்டதும் கூலிக் கணக்குக்கு ஒரு புரோகிராம் எழுதினான். சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே கூலிச் சீட்டு அச்சாகி வந்து விழுந்தது. பெண்கள் வெளிச்சம் இருக்கும்போதே சந்தைக்குப் போனார்கள். அந்த வாரம் சங்கையாவுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த மெஷினைக் கொண்டுவந்து பொருத்தியவர் ராஜரத்தினம். கம்ப்யூட்டர் தயாரிக்கிற ஒரு கம்பெனிக்கு மதுரைக் கிளையில் பொறுப்பாளர். பாளையங்கோட்டைக்காரர். வெள்ளை அரைக்கைச் சட்டை, ஞாயிறு தவறாமல் சர்ச், சின்னப் பையனையும் நீங்க என்று கூப்பிடுகிற வாய். அவர் சங்கையா எழுதியதைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது ஒரு யூனிட்டுக்குள்ள கிடக்க வேண்டிய சரக்கு இல்ல. நாலு பேருக்கு வித்தா என்ன?" என்றார்.

விற்பதில் ஒரு சங்கதி இருந்தது. விற்கிற மாதிரி புரோகிராம் எழுத வேண்டுமானால் அதற்கான கருவித் தொகுப்பை அந்தக் கம்பெனியிடமே வாங்க வேண்டும்: புரோகிராம் பதிந்த சில பிளாப்பித் தட்டுகள், தலையணை கனத்தில் ஒரு புத்தகம். அதை வைத்து என்ன எழுதினாலும் கம்பெனி எழுதிய ஒரு துண்டும் அதோடு ஒட்டிக்கொண்டு போகும். அந்தத் துண்டு இல்லாமல் புரோகிராம் ஓடாது. ஆகவே கருவிக்குக் கொடுத்த விலை போக, விற்கிற ஒவ்வொரு பிரதிக்கும் கம்பெனிக்கு ஒரு பங்கு சேர வேண்டும். ராயல்டி என்று அதற்குப் பெயர். எத்தனை பிரதி விற்றோம் என்று ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மதுரைக் கிளைக்கு நாமே எழுதி அனுப்ப வேண்டும். வந்து பார்க்க ஆள் கிடையாது. நாம் சொன்னதுதான் கணக்கு.

சங்கையா மாதிரி ஒண்டி ஆளுக்கு அதையெல்லாம் கொடுக்க மாட்டார்கள். டெபாசிட் கேட்பார்கள், கடைப் பதிவு கேட்பார்கள். ராஜரத்தினம் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே மேலிடத்துக்குப் போன் போட்டார். "நாணயமான ஆளு சார். அவருக்கு நான் பொறுப்பு" என்றார். கருவி வந்துவிட்டது. அதன்பிறகு அவனை யாரிடம் கூட்டிப்போனாலும் அவர் ஒரே மாதிரிதான் சொல்வார்: "இது நம்ம தம்பி சங்கையா. ராஜபாளையம். பேண்டேஜ் யூனிட்டுக்குப் புரோகிராம் எழுதுதாரு. நாணயமான ஆளு." அந்தக் கடைசிச் சொல் வரும்போது சங்கையா தலையைக் குனிந்துகொள்வான். முதலில் அது அடக்கம். பிற்பாடுதான் அதற்கு வேறு காரணம் வந்தது.

வேலையை விட்டான். வேலுத்தாயைக் கல்யாணம் செய்துகொண்டான். ஒரு வாடகை வீட்டின் முன்னறையில் மேஜையும் பழைய கம்ப்யூட்டர் ஒன்றும் போட்டுத் தொழிலைத் தொடங்கினான். முதல் தடவை எழுதி அனுப்பிய எண்ணிக்கை சுத்தமான எண்ணிக்கை. இரண்டாம் தடவைதான் சறுக்கல். ஐயாதுரை என்பவர் யூனிட்டில் புரோகிராம் போட்டு மாதக்கணக்காகியும் அவர் காசு கொடுக்கவில்லை. நமக்கே வராத காசுக்குக் கம்பெனிக்கு எப்படிப் பங்கு கட்டுவது, வந்த பிறகு சேர்த்து எழுதிக்கொள்ளலாம் என்று அதை விட்டுவிட்டு எழுதினான். காசு வந்தது. சேர்த்து எழுத உட்கார்ந்தபோது, போன தடவை ஏன் எழுதவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது என்று ஒரு கூச்சம். அந்தக் கூச்சத்தில் அதையும் விட்டான், புதிதாக விற்றதில் ஒன்றையும் விட்டான். அதற்கடுத்த தடவை கூச்சம் குறைந்திருந்தது. பிறகு எத்தனை விற்றாலும் மூன்று என்று எழுதி அனுப்புவது அவனுக்குப் பழகிப்போயிற்று. விற்பனை ஏறிக்கொண்டே போனது. மூன்று மூன்றாகவே இருந்தது.

மனதுக்குச் சமாதானம் சொல்ல மனிதனுக்கா தெரியாது? கிரைண்டர் விற்றவன் நாம் சுடுகிற ஒவ்வொரு இட்லிக்கும் வந்து காசு கேட்பானா, இது என்ன நியாயம் என்று தனக்குத்தானே வாதாடிக்கொள்வான். வாதத்தில் அவனே ஜெயிப்பான். ஆனாலும் அந்த உறையைத் தபால் பெட்டியில் போடும்போது தெரிந்தவர் யாரும் வருகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பான். தபால் போடுவது ராஜபாளையத்தில் எப்போது குற்றமாயிற்று?

வேலுத்தாய்க்கு இது எதுவும் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது பஞ்சுத் தூசி. பேண்டேஜ் யூனிட்டுகளில் தூசி பறந்து மெஷினுக்குள் போய்ப் பிளாப்பியைக் கெடுத்துவிடும். சனிக்கிழமை காலையில் பிளாப்பி படுத்துக்கொண்டால் கூலி நின்றுபோகும். அதனால் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு நல்ல பிரதியைச் சங்கையா வீட்டுப் பீரோவில் தயாராக வைத்திருப்பான். கறுப்புச் சதுரத்தின் மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டி, எந்த யூனிட் என்று எழுதி வைப்பது வேலுத்தாயின் வேலை. அவள் கையெழுத்து அச்சு வார்த்தது போல் இருக்கும். புருஷன் தொழிலில் தனக்கும் பங்கு உண்டு என்று அவளுக்குப் பெருமை.

இப்படியிருக்க, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு போன் வந்தது. "காளிராஜ் அண்ணாச்சி யூனிட்டுல இருந்து பேசுதேன். ஒங்க புரோகிராம்ல போனஸ் கணக்கு வரமாட்டேங்கு. ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போங்க" என்றது ஒரு குரல். சங்கையாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காளிராஜ் என்பவருக்கு அவன் புரோகிராமே விற்றதில்லை. விசாரித்தால், ராஜபாளையத்தில் அதை வாங்கிய ஒருவர் தன் மச்சானுக்குப் பிரதி எடுத்துக் கொடுத்திருக்கிறார். திருடியதும் போதாதென்று ரிப்பேருக்கும் கூப்பிடுகிறார்கள்.

சங்கையா குதித்தான். என் உழைப்பு, என் கண்ணு போன உழைப்பு என்று வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்தான். மதுரைக்குப் போன் போட்டு ராஜரத்தினத்திடம் கொட்டித் தீர்த்தான். "நானும் வாரேன் தம்பி, பேசிப் பார்ப்போம்" என்றார் அவர். இத்தனை ஆத்திரத்திலும் அவனுக்குத் தன் வீட்டுப் பீரோவின் ஞாபகம் ஒரு தடவைகூட வரவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

இரண்டு பேரும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனார்கள். காளிராஜ் வாட்டசாட்டமான மனிதர். பேண்டேஜ் சுருள்கள் அடுக்கிய அறையில், பிளீச்சிங் பவுடர் வாசனைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். மரியாதையாகத்தான் வரவேற்றார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"எம் மச்சான் காசு கொடுத்து வாங்கின சாமான். எனக்குக் கொடுத்தான். அவன் சைக்கிளை நான் ஓட்டினா சைக்கிள்காரன் வந்து எங்கிட்ட காசு கேப்பானா?"

"சைக்கிளை ஒங்களுக்குக் கொடுத்துட்டா அவரு நடந்துல்லா போகணும் அண்ணாச்சி. இது ரெண்டு பேரு கையிலயும் இருக்கே" என்றார் ராஜரத்தினம். பிறகு சங்கையாவின் தோளில் கை வைத்தார். "இவரைப் பாருங்க. எங்க கம்பெனிக் கருவிய வச்சுத்தான் எழுதுதாரு. எத்தனை வித்தாருன்னு நாங்க வந்து எண்ணுறதில்ல. அவராக் கணக்குச் சொல்லி, ஒவ்வொரு பிரதிக்கும் பங்கு கட்டுதாரு. இந்தப் பக்கத்துல இப்படி ஒருத்தர நான் பார்த்ததில்ல. நாணயமான ஆளு. அப்படிப்பட்டவரு உழைப்பை நாம சும்மா எடுக்கலாமா?"

சங்கையாவுக்கு அப்போதுதான் பீரோ ஞாபகம் வந்தது. தோளில் இருந்த அந்தக் கை சுட்டது. காது மடல் இரண்டும் பற்றி எரிந்தன. எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. எதிரே காளிராஜின் சிரிப்பு வடிந்து, பெரிய உடம்பு நாற்காலியில் சிறுத்துப்போவதை அவன் பார்த்தான். அவமானப்பட வேண்டியவன் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்க, அவமானம் அந்தப் பக்கம் போய் விழுந்துகொண்டிருந்தது.

"தெரியாமச் செஞ்சிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க" என்று சங்கையாவைப் பார்த்துச் சொன்னார் காளிராஜ். புரோகிராமுக்கான காசை அப்போதே எடுத்துக் கொடுத்தார். அதைச் சங்கையா வாங்கி வைத்துக்கொண்டான். வாங்காமல் என்ன செய்வான்?

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் ராஜரத்தினம். காற்று முகத்தில் அடிக்க, ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியில் கண்ணை மூடியிருந்தார். இதுதான் நேரம், சொல்லிவிடு என்று சங்கையாவின் மனசு அடித்துக்கொண்டது. "சார்" என்றான். அவர் கண்ணைத் திறந்தார். "சொல்லுங்க தம்பி." சொல்ல வந்ததற்குப் பதிலாக வேறொன்று வாயில் வந்தது: "ஆயுத பூஜைக்கு நம்ம வீட்டுக்கு வரணும் சார்."

"அதுக்கென்ன, கட்டாயம் வாரேன்" என்றார் அவர். ஆயுத பூஜையன்று எப்படியும் அவர் ராஜபாளையம் வருவார். மெஷின் வாங்கிய யூனிட்டுகள் எல்லாம் பூஜைக்குக் கூப்பிடுவார்கள். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரராக இருந்தாலும் தீபாராதனை முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்று, பொரி வாங்கித் தின்றுவிட்டுத்தான் போவார்.

அந்த நாள் வந்தது. முந்தின வருஷங்களில் சங்கையா வீட்டுப் பூஜை சிக்கனமானது. கம்ப்யூட்டர் திரைக்கு ஒரு பொட்டு, பொரி, கடலை, ஒரு தேங்காய், அவ்வளவுதான். சங்கையா அதே நினைப்பில் மத்தியானம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ராஜரத்தினத்துக்காகக் காத்திருந்தான். அவர் யூனிட்டுகளைச் சுற்றிவிட்டு வந்துசேர, பேசிக்கொண்டே கூட்டிவந்தான்.

வேலுத்தாயின் அப்பா தச்சு வேலைக்காரர். பூஜைக்கு ஒரு உளி விடுபட்டால்கூட அது கோபித்துக்கொண்டு அந்த வருஷம் கையைக் கிழித்துவிடும் என்று நம்புகிற வீடு. பெரிய சார் முதல் முதலாக வீட்டுக்கு வருகிறார், பூஜை அரைகுறையாக இருக்கலாமா என்று அவள் நினைத்திருக்கிறாள். பீரோவைத் திறந்து அத்தனையையும் எடுத்துவிட்டாள்.

வாசற்படியில் கால் வைத்ததும் சங்கையாவின் கண்ணில் அதுதான் பட்டது. அறையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை, வாழையிலைகள் போட்டு, அதன்மேல் கறுப்புப் பிளாப்பிகள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் சந்தனம், குங்குமம், ஒரு செவ்வந்திப் பூ. வெள்ளைக் காகிதத்தில் ஒவ்வொரு யூனிட்டின் பெயரும் பளிச்சென்று.

"வாங்க சார்" என்று முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள் வேலுத்தாய். "எல்லாம் அவிய எழுதினது. ஓட்டைப் பக்கம் படாம, காகிதத்துல மட்டும் பொட்டு வச்சிருக்கேன். தொட்டாக் கெட்டுப் போகும்னு அவிய சொல்லியிருக்காக."

ராஜரத்தினம் குனிந்து பார்த்தார்.

"இது ஐயாதுரை அண்ணாச்சி யூனிட்டு. இது பொன்னுராஜ் யூனிட்டு, அங்க தூசி கூடுதல், மாசம் ஒண்ணு மாத்தணும். இது சத்திரப்பட்டிக்காரவிய. இது போன மாசம் வித்தது, பரிபூரணம் அக்கா யூனிட்டு..." வேலுத்தாய் இலை இலையாக நகர்ந்துகொண்டே சொன்னாள். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல ராஜரத்தினம் அவளோடு கூடவே நகர்ந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். சங்கையா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். போதும் வேலு, போதும் என்று கத்த வேண்டும் போலிருந்தது. ஏன் நிறுத்தச் சொல்கிறீர்கள் என்று அவள் கேட்டால் அதற்கும் பதில் சொல்ல வேண்டுமே.

வரிசை முடிந்தது. ராஜரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"எழுத்து அச்சு மாதிரி இருக்கும்மா" என்றார்.

தீபாராதனையின்போது எப்போதும் போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு பிடி பொரி, ஒரு சில்லு தேங்காய் வாங்கிக்கொண்டார். தண்ணீர் கேட்டுக் குடித்தார். சங்கையாவின் பக்கம் மட்டும் ஒரு தடவையும் திரும்பவில்லை. செத்த நேரம் கழித்து, "நான் வாரேம்மா" என்று அவளிடம் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

சங்கையா பின்னாலேயே ஓடினான். மதுரை பஸ் நிற்கிற இடத்தில் வந்து நின்றதும், "சார், அது வந்து... எல்லாத்தையும் சேர்த்துக் கட்டிரணும்னுதான்..." என்று ஆரம்பித்தான்.

ராஜரத்தினம் கையை உயர்த்தித் தடுத்தார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் சங்கையா பிழைத்திருப்பான்.

"கம்பெனியை விடுங்க. அதுக்கு நட்டம் தாங்கும். ஸ்ரீவில்லிபுத்தூர்ல அந்த மனுசன் முன்னால உக்காந்து ஒங்களப் பத்திச் சொன்னேனே. அதை இப்ப நான் எப்படித் திரும்ப எடுக்க?"

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தவர் ஜன்னல் வழியாகப் பார்த்து, "வாரேன், மிஸ்டர் சங்கையா" என்றார்.

வீட்டுக்கு வந்தால் வேலுத்தாய் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். "சாருக்கு முகமே சரியில்லையே. வேதக்காரவிய, பொட்டும் பூவும் வச்சு இம்புட்டுப் பண்ணினது அவியளுக்குப் பிடிக்கலையோ? நாந்தான் தப்புப் பண்ணிட்டேனா?"

அவள் தன்மேல் பழி போட்டுக்கொள்வதைப் பார்க்க அவனால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னான். அவள் அழவும் இல்லை, ஏசவும் இல்லை. "எங் கையெழுத்துலயே எழுத வச்சிட்டீகளே" என்றாள். ஈரத்துணியை எடுத்து ஒவ்வொரு பிளாப்பியின் பொட்டையும் துடைத்தாள். சந்தனம் போன இடத்தில் மஞ்சள் கறை மட்டும் போகவில்லை. அந்தக் கறையோடே பீரோவில் அடுக்கினாள்.

திரும்ப எடுக்க முடியாததை எடுக்க ஒரே ஒரு வழிதான் சங்கையாவுக்குத் தெரிந்தது. அடுத்த வாரம் தனியாக ஸ்ரீவில்லிபுத்தூர் போனான். காளிராஜ் எழுந்து நின்று, "வாங்க, வாங்க. உக்காருங்க" என்றார். அந்த மரியாதையே அவனை அறுத்தது. நின்றபடியே சொன்னான்.

"அண்ணாச்சி, அன்னைக்கு சார் என்னப் பத்திச் சொன்னது நெசமில்ல. அவியளுக்குத் தெரியாது. நான் வித்தது ரொம்ப, கணக்குக் காட்டினது கொஞ்சம். நீங்க எனக்குச் செஞ்சதைத்தான் நான் அவிய கம்பெனிக்குச் செஞ்சிருக்கேன். அவிய மேல ஒரு தப்பும் இல்ல."

காளிராஜ் வாயைத் திறந்தபடி பார்த்தார். பிறகு அந்த அறையே அதிரச் சிரித்தார்.

"ஏலே சங்கையா! நீயும் நம்மாளுதானா? அந்த மனுசன் பேசினதுல எனக்கு எத்தனை நாளு சோறு எறங்கலைன்னு ஒனக்குத் தெரியுமாலே? இப்படி ஒரு யோக்கியன ஏமாத்திட்டமேன்னு கிடந்து மறுகிட்டேன். இப்பத்தான்லே நெஞ்சு லேசாச்சு." உள்ளே திரும்பி, "யாருப்பா அங்க, பால்கோவா கொண்டா" என்றார்.

ஒரு கரண்டி பால்கோவாவை அவரே இலையோடு அவன் கையில் வைத்து அமுக்கினார். மரியாதைக்கு ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டான். காளிராஜ் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "எம் மருமவன் மதுரையில கம்ப்யூட்டர் படிச்சிட்டு வந்திருக்கான். அந்தப் புரோகிராம் எழுதுற கருவி இருக்குல்லா, அதையும் ஒரு காப்பி போட்டுக் கொடு. கிரைண்டர் வித்தவன் நாம சுடுற இட்லிக்கெல்லாம் பங்கு கேட்டா எவன் கொடுப்பான்?"

தான் ராத்திரியெல்லாம் மனசுக்குள் சொல்லி ஜெயித்த அதே வாதம். அதை இன்னொருவர் வாயில் கேட்டபோது சங்கையாவுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"இல்ல அண்ணாச்சி. விட்டுப்போனதை எல்லாம் நான் கட்டப் போறேன்."

"கட்டப் போறியா?" காளிராஜ் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "பிடிபட்ட பொறவா?"

அதில் கேலியே இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். சங்கையாவின் வாயில் இருந்த பால்கோவா இறங்கவும் இல்லை, துப்பவும் முடியவில்லை. அதை வைத்துக்கொண்டே வெளியே வந்தான்.

சரியான எண்ணிக்கையை எழுதி அனுப்பினான். கம்பெனி மன்னித்தது என்றும் சொல்ல முடியாது, தண்டித்தது என்றும் சொல்ல முடியாது. தவணையாகக் கட்டச் சொல்லிவிட்டு, பொறுப்பேற்றுக்கொண்டவரிடம் விளக்கம் கேட்டது. ராஜரத்தினம் என்ன விளக்கம் கொடுத்தாரோ. அந்த வருஷம் சென்னைக்கு மாற்றலோடு அவருக்கு வரவேண்டிய உயர்வு வரவில்லை என்று மதுரைக் கிளைப் பையன்கள் பேசிக்கொண்டது மட்டும் சங்கையாவின் காதில் விழுந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று அவரிடம் கேட்க அவனுக்கு முகம் இல்லை.

தவணை கட்டினான். வாங்க நினைத்திருந்த மொபெட் வாங்கவில்லை. யூனிட் யூனிட்டாக டவுன் பஸ்ஸிலேயே அலைந்தான். அடுத்த ஆயுத பூஜைக்கு வேலுத்தாய் திரைக்கு மட்டும் பொட்டு வைத்தாள். பீரோவைத் திறக்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

தொண்ணூறுகள் பாதி ஓடியபோது காலம் மாறிவிட்டது. வேறு கம்பெனிகள் பங்கே கேட்காமல் கருவி விற்க ஆரம்பித்தன. இந்தக் கம்பெனியும் இனி பிரதிக்கு ராயல்டி கிடையாது என்று எல்லோருக்கும் தெரிவித்தது. காளிராஜ் போன் போட்டு, "பார்த்தியாலே, நாம சொன்னதுதான் கடைசியில நியாயமாச்சு. மிச்சத்தைக் கட்டாத" என்றார். அவர் இப்போதெல்லாம் அவனை வாலே போலே என்றுதான் பேசுவார். பழைய பாக்கிக்கு அந்தச் சலுகை இல்லை. இருந்திருந்தாலும் சங்கையா கேட்டிருக்க மாட்டான். மிச்சத்தையும் கட்டினான்.

கடைசித் தவணையைத் தபாலில் அனுப்பியிருக்கலாம். மதுரைக்கு நேரில் கொண்டுபோனான். நல்ல சட்டை போட்டுக்கொண்டான். எங்கே போகிறான் என்று தெரிந்த வேலுத்தாய், "சாரைக் கேட்டதாச் சொல்லுங்க" என்றாள்.

ராஜரத்தினத்துக்குத் தலை நரைத்திருந்தது. அதே கிளை, அதே மேஜை. எழுந்து கை கொடுத்தார். பணத்தை வாங்கி ரசீது போடச் சொன்னார். டீ வரவழைத்தார். வீட்டில் எப்படி இருக்கிறார்கள், பிள்ளை என்ன படிக்கிறாள், ராஜபாளையத்தில் மழை உண்டா என்று எல்லாம் விசாரித்தார். குறை சொல்ல எதுவுமே இல்லை. சங்கையாவுக்கு மெதுவாக மூச்சு வந்தது. எல்லாம் கட்டியாயிற்று, இனி ஒன்றும் பாக்கியில்லை என்று நினைத்துக்கொண்டான்.

அப்போது புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு இன்ஜினியர் ஏதோ கேட்க உள்ளே வந்தார். ராஜரத்தினம் வழக்கம் போலவே அவரைச் சங்கையாவின் பக்கம் திருப்பினார்.

"இவர் மிஸ்டர் சங்கையா. ராஜபாளையம். பேண்டேஜ் யூனிட்டுக்குப் புரோகிராம் எழுதுதாரு."

சங்கையா பழக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டான். அடுத்து வர வேண்டிய சொல்லுக்காகக் குனிந்த தலையோடு காத்திருந்தான். புது இன்ஜினியர் வணக்கம் சொல்லிவிட்டு, கேட்க வந்ததைக் கேட்டுக்கொண்டு வெளியே போனார். கதவு சாத்திக்கொண்டது.

"டீ ஆறுது, குடிங்க" என்றார் ராஜரத்தினம்.